கடும் குளிரில் செயின்சோவுக்குக் கனோலா எண்ணெய் விடலாமா?

கிணற்றடி எழுதியது:

வணக்கம் உறவுகளே,

ஒட்டாவாவுக்குத் தென்மேற்கே, லனார்க் பக்கம் எங்களுக்கு ஒரு காணி உண்டு. பாதிக்கு மேல் காடு. அதில் நின்ற ஆஷ் மரங்களைப் பச்சை வண்டு துளைத்துப் பட்டுப்போகச் செய்துவிட்டது. 2002 இல் வின்சர் பக்கம் கண்டுபிடித்த அதே வண்டுதான். பட்ட மரத்தை நிற்க விட்டால் ஆபத்து, விழுத்தினால் நல்ல விறகு. எங்கள் வீட்டைச் சூடாக்குவது விறகு அடுப்புத்தான். அதனால் குளிர்காலம் வந்தால் நானும் கணவரும் வெட்டி அடுக்குவோம்.

வெட்டுவது ஜனவரி, பெப்ரவரியில். நிலம் இறுகியிருக்கும், சறுக்கு வண்டியில் கட்டைகளை இழுக்கலாம், நுளம்பும் உண்ணியும் இல்லை. எங்கள் செயின்சோ 50 சிசி மெசின், செயின் சுற்றி ஓடும் தகடான பார் 18 அங்குலம்.

என் கேள்வி பார் ஒயில் பற்றியது, அதாவது செயினும் பாரும் உராயாமல் இருக்க விடும் எண்ணெய். செயினுக்குப் போகிற எண்ணெய் திரும்பி வருவதில்லை. முழுவதும் மரத்தூளோடு நிலத்தில்தான் விழுகிறது. பெற்றோல் தாங்கி முடிகிறபோது ஒயில் தாங்கியும் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். நாங்கள் வெட்டும் இடத்திலிருந்து கிணறு கூப்பிடு தூரம். நடுவில் சின்ன ஓடை ஒன்று. பனி உருகினால் எல்லாம் அந்தப் பக்கம்தான் இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடிக்கிறார்கள். பெற்றோலிய ஒயிலை அங்கே கொட்டிக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

பக்கத்துக் காணிக்காரர் கோடை முழுக்கக் கடையில் சமையலுக்கு விற்கும் கனோலா எண்ணெயைத்தான் விடுகிறார். குளிரில் அவர் மரம் வெட்டுவதில்லை, ஆகவே அவரிடம் கேட்டுப் பயனில்லை. போன கிழமை ஒரு நாள் விடிய மைனஸ் 18. கராஜில் இருந்த கனோலா கானை எடுத்துப் பார்த்தேன். மேல்பாதி மங்கலாக இருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு படை. கானைச் சரித்தால் மேலே இருப்பது மெதுவாக நகர்கிறது, அடியில் இருப்பது அசையவே இல்லை. இதைத் தாங்கிக்குள் ஊற்றினால் பம்ப் என்ன பாடுபடும்?

எந்தக் குளிர் வரைக்கும் கனோலா தாங்கும்? வேறு எண்ணெய் ஏதும் நல்லதா? நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சோயா? வடை, ரோல்ஸ் பொரித்த எண்ணெயும் வீட்டில் நிறைய மிஞ்சுகிறது. வடித்து எடுத்தால் பாவிக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

வடக்குக்காற்று எழுதியது:

தங்கச்சி, வணக்கம். நான் பாரி சவுண்டுக்கு வடக்கே இருக்கிறேன். மரம் வெட்டுவதுதான் தொழில். ஏரிக்கரைக் காணிகளில்தான் அதிக வேலை, அதனால் நீங்கள் சொல்லும் அதே கவலையில்தான் நானும் கனோலாவுக்கு மாறினேன். தண்ணீர் ஓரத்தில் நின்று வெட்டும்போது பார் நுனியிலிருந்து தெறிக்கும் ஒயில் பனியில் கோடு போடுவதைப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

முதலில் உங்கள் கானில் நடந்தது. மரக்கறி எண்ணெய் தண்ணீரைப் போல ஒரே குளிரில் சட்டென்று உறைவதில்லை. அதற்குள் பலவிதக் கொழுப்புகள் கலந்திருக்கின்றன. குளிர் ஏற ஏற, முதலில் இறுகக்கூடியவை சின்னச் சின்னப் பளிங்குகளாகப் பிரியும். அதுதான் நீங்கள் கண்ட மங்கல். அவை கனமானவை, மெல்ல அடியில் படியும். கனோலாவில் மங்கல் மைனஸ் 10 பக்கத்தில் தொடங்கும், மைனஸ் 20 ஐ நெருங்கும்போது ஓட்டம் நின்றுவிடும். ஆனால் இந்த எண்களை மட்டும் நம்பி இறங்காதீர்கள். எவ்வளவு நேரம் குளிரில் கிடந்தது என்பதும் பெரிய விஷயம். வீட்டுக்குள்ளிருந்து எடுத்துப்போன கனோலா மைனஸ் 15 இல் காலை முழுக்க ஓடும். அதே எண்ணெய் மைனஸ் 12 இல் நாட்கணக்காகக் கராஜில் கிடந்தால் களியாகிவிடும். பளிங்கு வளர நேரம் வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கானும் கன நாளாக அங்கேயே கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, எண்ணெயைக் குசினியில் வையுங்கள். நான் ஒரு லீட்டர் போத்தல்களில் நிரப்பி, உணவு கொண்டுபோகும் குளிர்ப்பெட்டிக்குள் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலோடு வைத்துத்தான் காட்டுக்குக் கொண்டுபோவேன். மெசின் ஓடத் தொடங்கினால் எஞ்சின் சூட்டில் தாங்கியும் வெதுவெதுப்பாகிவிடும். பிரச்சினை வருவது நீண்ட நேரம் நிறுத்தி வைத்துத் திரும்ப ஸ்ரார்ட் பண்ணும்போது. சாப்பிட உட்கார்ந்தால் மெசினைப் பனியில் வைக்காதீர்கள். கட்டைக்கு மேலே, வெயில் படும் பக்கமாக வையுங்கள்.

பம்ப் பற்றி. கிளச்சின் சுழற்சியில் ஓடும் சின்னப் பிஸ்ரன் அது. அதை ஓட்டும் பற்சில்லு பல மெசின்களில் பிளாஸ்ரிக்தான். களியை இழுக்கச் சொன்னால் அந்தப் பல்லுத் தேய்ந்துபோகும். அது கனோலாவுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்காதீர்கள். கோடைக்கான தடித்த பார் ஒயிலைக் கடும் குளிரில் விட்டாலும் இதேதான் நடக்கும். மங்கல் வருகிற வரைக்கும் கனோலா அதைவிட நன்றாகவே ஓடும், ஏனென்றால் குளிரோடு தடிப்பது மரக்கறி எண்ணெயில் குறைவு.

ஒவ்வொரு முறை தாங்கி நிரப்பிய பிறகும் இதைச் செய்யுங்கள்: பார் நுனியை ஒரு காட்போட் துண்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அரை வேகத்தில் ஓட விடுங்கள். கொஞ்ச நேரத்தில் காட்போட்டில் எண்ணெய்க் கோடு விழவேண்டும். பனியில் பிடித்துப் பார்க்காதீர்கள், கனோலா வெளிறிய நிறம் என்பதால் பனியில் தெரியாது. காட்போட் இல்லையென்றால் பேர்ச் மரத்தின் உரித்த பட்டை நல்லது, ஈரம் பளிச்சென்று தெரியும். கோடு விழவில்லையென்றால் வெட்டவேண்டாம். காய்ந்த செயின் பாரைச் சுட்டு நீலமாக்கிவிடும்.

மைனஸ் 15 க்குக் கீழே போனால் நான் கனோலாவை விட்டுவிடுவேன். குளிர்காலத்துக்கென்று வரும் தாவர எண்ணெய் பார் ஒயில் இருக்கிறது. விலை அதிகம்தான். ஆனால் உறையாமல் இருக்கவும் செயினில் ஒட்டவும் மருந்து சேர்த்திருப்பார்கள். அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு கான் வாங்கி வைத்தால் ஒரு குளிர்காலத்துக்குத் தாராளம்.

மற்ற எண்ணெய்கள்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே கட்டி, அதைத் தொடவே வேண்டாம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஒலிவ் எண்ணெய் எல்லாம் கனோலாவை விடச் சீக்கிரம் இறுகும். ஒலிவ் எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடையில் வெறுமனே மரக்கறி எண்ணெய் என்று எழுதியிருக்கும் கானைத் திருப்பிப் பாருங்கள், பல நேரம் சோயாதான். சோயா கனோலாவை விடக் கொஞ்சம் முந்தி இறுகும், பிசினும் கூடப் பிடிக்கும்.

பொரித்த எண்ணெய் வேண்டவே வேண்டாம். எவ்வளவு வடித்தாலும் உப்பும் நீரும் மாத்துணுக்கும் அதில் மிஞ்சும். வடிகட்டி அடைக்கும், உலோகத்தில் கறல் பிடிக்கும். பலமுறை சூடாகியதால் பாதிப் பழுதாகிய எண்ணெய் அது, சீக்கிரமே பசையாகும்.

---

கராஜ்காரன் எழுதியது:

ஏஜக்ஸில் சின்ன எஞ்சின்கள் திருத்துகிறேன். புல்லுவெட்டி, பனி தள்ளும் மெசின், செயின்சோ எல்லாம் வரும். வடக்குக்காற்று அண்ணா சொன்னதில் பிழையில்லை, ஆனால் அவர் நாளும் மெசின் ஓட்டுபவர். என்னிடம் வருகிறவர்கள் அப்படியில்லை.

ஒவ்வொரு வசந்தமும் நான் காண்பது இதுதான். மார்கழியில் கனோலா விட்டு இரண்டு மரம் வெட்டியிருப்பார்கள், பிறகு மூலையில் வைத்துவிடுவார்கள். சித்திரையில் எடுத்தால் செயின் பாரோடு ஒட்டிப்போய் இருக்கும். கையால் இழுத்தால் வராது. பாரில் செயின் ஓடும் தவாளிப்புக்குள் மண்ணிறப் பசை, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி உரியும். நுனியில் உள்ள பற்சில்லும் சுத்தாது. காற்றுப் படப் பட எண்ணெய் தடித்துத் தோலாகிவிடுகிறது. லின்சீட் எண்ணெயை மரச்சாமானுக்குப் பூசினால் காய்ந்து பூச்சாகிறதே, அதே வேலைதான் இங்கே மெல்ல நடக்கிறது. கனோலாவில் அது மெதுவாக நடக்கும், சூரியகாந்தியிலும் சோயாவிலும் கெதியாக நடக்கும்.

எனவே வாரக் கடைசியில் மட்டும் வெட்டுபவர்களுக்கு நான் கனோலாவைச் சொல்வதில்லை. விடத்தான் வேண்டும் என்றால், வேலை முடிந்த அன்றைக்கே செய்யவேண்டியதைச் செய்யுங்கள். பாரைக் கழற்றித் தவாளிப்பைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்கள். கிளச் மூடிக்குள் இருக்கும் மரத்தூளை எடுங்கள், எண்ணெயோடு சேர்ந்து அது இறுகினால் உளிதான் வேண்டும். நாலைந்து நாளுக்கு மேல் நிறுத்தி வைப்பதென்றால் தாங்கியிலுள்ள கனோலாவை வெளியே ஊற்றிவிட்டு, கொஞ்சம் சாதாரண பார் ஒயில் விட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பம்புக்குள் கனோலா நிற்கக்கூடாது. அந்த ஒரு நிமிட ஒயிலைக் காட்போட்டில் பிடித்தால் உங்கள் ஓடைக்கும் ஒன்றும் ஆகாது. மெசினோடு வரும் கைந்நூல்களிலும் தாவர எண்ணெய் விட்டால் எடுத்துவைக்க முன் சுத்தம் செய்யச் சொல்லித்தான் இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை.

இன்னொன்று. எலி. கனோலா பட்ட மெசினைக் கொட்டிலில் வைத்தால் எலி வந்து ரப்பர் குழாயையும் சேர்த்துக் கடிக்கும். மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள்.

---

பழையமெசின் எழுதியது:

எதற்கு இவ்வளவு யோசனை? எஞ்சின் ஒயில் மாற்றும்போது வருகிற பழைய ஒயிலை விடுங்கள், காசும் மிச்சம். தடிப்பாக இருந்தால் கொஞ்சம் டீசல் கலந்தால் மைனஸ் 30 இலும் ஓடும். ஊரில் வாள் ஆலைகளில் அப்படித்தான் செய்தார்கள்.

---

கராஜ்காரன் எழுதியது:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், அதை இங்கே எழுதாதீர்கள். எஞ்சினுக்குள் எரிந்த கழிவு எல்லாம் அந்த ஒயிலில் இருக்கிறது, புற்றுநோய் தரக்கூடிய சேர்மங்கள் உட்பட. செயின் நிமிடத்துக்கு ஆயிரம் மீற்றருக்கு மேல் ஓடுகிறது. அதிலிருந்து எழும் நுண்துளி வெட்டுபவரின் முகத்துக்கும் மூச்சுக்கும்தான் வரும். உலோகத் துகள் பம்பையும் அரிக்கும். மெசின் செய்கிற நிறுவனங்களே பழைய ஒயில் கூடாது என்று கைந்நூலில் எழுதியிருக்கின்றன. அதுவும் இந்தத் தங்கச்சி கிணற்றுத் தண்ணீருக்காகத்தான் கேள்வியே கேட்கிறா.

குளிர்கால பார் ஒயில் கையில் இல்லாதபோது, சாதாரணப் பெற்றோலிய பார் ஒயிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து மெல்லியதாக்குவது உண்டு. அது கிணறு இல்லாத இடத்துக்கு. பெற்றோல் மட்டும் ஒருபோதும் கலக்கவேண்டாம், தீப்பிடிக்கும்.

---

எல்வெரும் அக்கா எழுதியது:

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். எல்வெரும் என்ற இடம், சுற்றிவர ஊசியிலைக் காடு. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் மைனஸ் 25 எங்களுக்குப் புதினமில்லை. என் கணவர் காட்டில் வேலை செய்தவர், இப்போது விறகுக்கு நானும் மகனும்தான் வெட்டுகிறோம்.

கனோலாவும் இங்கே பாவிக்கும் ரேப்ஸ் எண்ணெயும் ஒரே குடும்பம்தான். ஐரோப்பாவில் விற்கும் தாவர பார் ஒயில்களில் பெரும்பாலானவைக்கு அடிப்படையே அது. ஒஸ்திரியாவில் 1992 முதல் செயின்சோவுக்குப் பெற்றோலிய எண்ணெய் விடுவதே தடை. ஆகவே இது ஏதோ வீட்டுவைத்தியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆல்ப்ஸ் மலைக் குளிரில் தொழில்காரர்களே இதில்தான் வெட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் ஊற்றுவது பதப்படுத்திய எண்ணெய், குசினிக் கான் இல்லை. அந்த வித்தியாசம் மைனஸ் 15 க்குக் கீழேதான் வடிவாகத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறொன்று. வடக்குக்காற்றுத் தம்பி எண்ணெயை வீட்டுக்குள் வைக்கச் சொன்னார், அது சரி. அதை வாசித்துவிட்டு மெசினையும் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். மைனஸ் 20 இலிருந்து சூடான அறைக்குள் வந்த உலோகம் உடனே வேர்க்கும். காற்றிலுள்ள ஈரம் கார்பரேற்றரிலும் செயினின் இணைப்புகளிலும் தண்ணீராகப் படியும். அப்படியே மறுநாள் வெளியே எடுத்தால் அந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திறோட்டில் இறுகி நிற்கும். வெட்டும்போது திறோட்டில் இறுகுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோல் மணமும் வீட்டுக்குள் கூடாது. மெசின் குளிரான கொட்டிலிலேயே இருக்கட்டும். இரவில் ஒயில் தாங்கியை மட்டும் ஒரு போத்தலுக்குள் காலியாக்கி, அந்தப் போத்தலை உள்ளே எடுத்துப்போங்கள். விடிய வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றினால், தாங்கிக்குள் மிஞ்சிக் கிடந்த பளிங்கையும் அது கரைத்துவிடும். உங்கள் மெசினில் குளிர்காலத்துக்கென்று ஒரு சின்ன மூடி இருந்தால் அதையும் திருப்பிவிடுங்கள். சிலிண்டர்ச் சூடு கார்பரேற்றர் பக்கம் போகும்.

பட்ட ஆஷ் மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உறைந்த பட்ட மரத்தின் கொப்புகள் வெட்டு அதிர்வுக்கே முறிந்து மேலிருந்து விழும். ஆப்பு அடிக்கும்போதும் தலைக்கு மேலே பாருங்கள் பிள்ளை.

---

கிணற்றடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எல்வெரும் அக்கா, மெசினை நாங்கள் அடுப்படியில்தான் வைத்திருந்தோம். இன்றைக்கே கொட்டிலுக்குப் போகிறது.

நேற்று மைனஸ் 9. குசினியில் வைத்த கனோலாவை ஊற்றி, காட்போட்டில் பிடித்துப் பார்த்தோம். கோடு விழுந்தது, ஆனால் மெல்லியதாக, அங்கங்கே விட்டுவிட்டு. ஒயில் தாங்கிக்குள் இருக்கும் வடிகட்டியைக் கம்பியால் கொக்கி போட்டு வெளியே இழுத்துப் பார்த்தேன். பழைய ஒயிலின் கருப்புச் சேறு அப்பியிருந்தது. கழுவிப் போட்ட பிறகு கோடு தொடர்ச்சியாக வந்தது. பின்னேரம் வரைக்கும் வெட்டினோம், பார் கை வைக்கும் சூட்டில்தான் இருந்தது. புகை மணம் இல்லை, தலையிடியும் இல்லை. மரத்தூளை அள்ளிக் கோழிக்கூட்டுக்குப் போடலாம் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம்.

இரண்டு கேள்வி மிச்சம். ஒயில் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி மெசினுக்கு அடியில் இருக்கிறது. கனோலாவுக்கு அதைக் கூட்டவேண்டுமா? மற்றது, பழைய பார் ஒயில் தாங்கியில் கொஞ்சம் இருக்கும்போதே கனோலா ஊற்றினால் இரண்டும் சண்டைபிடிக்குமா?

---

வடக்குக்காற்று எழுதியது:

வடிகட்டியைப் பார்த்தது மிக நல்ல வேலை. பழைய ஒயிலிலிருந்து கனோலாவுக்கு மாறும்போது தாங்கிச் சுவரில் ஒட்டியிருந்த அழுக்கைக் கனோலா கழற்றிக் கொண்டுவரும். இன்னும் இரண்டு மூன்று தாங்கி வரைக்கும் அடிக்கடி பாருங்கள்.

இரண்டும் நன்றாகக் கலக்கும், சண்டை இல்லை. மைனஸ் 12, 13 என்று இழுபறியாக இருக்கும் நாட்களில் நான் கனோலாவோடு குளிர்காலத் தாவர பார் ஒயிலைப் பாதிக்குப் பாதி கலந்துதான் ஊற்றுவேன்.

திருகாணியைக் கூட்டுங்கள். கனோலா உலோகத்தில் நன்றாகப் பற்றும், உராய்வையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பார் ஒயிலுக்குச் சேர்க்கும் பசை மருந்து இதில் இல்லை. நுனி வளைவில் செயின் திரும்பும்போது கொஞ்சம் தெறித்துப் போய்விடும். உறைந்த மரம் இறுக்கமானது, அதுவும் கூடுதல் எண்ணெய் கேட்கும். 18 அங்குல பாருக்கு முழு அளவில் வைத்தாலும் பிழையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: கூட்டி வைத்தால் பெற்றோலுக்கு முன் ஒயில் முடியக்கூடும். அரைத் தாங்கி பெற்றோலில் ஒரு தடவை நிறுத்தி ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள்.

உறைந்த மரத்தில் செயின் கெதியாக மழுங்கும், எந்த எண்ணெய் விட்டாலும். தூளுக்குப் பதிலாக மாவு மாதிரி வரத் தொடங்கினால் அரத்தை எடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி வெட்டி, சூடேறிய பிறகு கனோலாவைக் குறை சொல்பவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

---

கராஜ்காரன் எழுதியது:

திருகாணியைத் திருப்பமுன் எஞ்சினை நிறுத்துங்கள். மெசினைப் பக்கவாட்டில் படுக்கவைத்துச் சின்ன ஸ்குரூட்றைவரால் திருப்பலாம். எந்தப் பக்கம் கூடுகிறது என்பதற்கு அருகிலேயே அடையாளம் அச்சடித்திருக்கும், அழுக்கில் மறைந்திருந்தால் சீலைத்துண்டால் துடைத்துப் பாருங்கள். பங்குனியில் வெட்டி முடித்ததும் பாரைக் கழற்ற மறக்கவேண்டாம். பழைய பல்லுத்தூரிகையும், தவாளிப்பின் அகலத்துக்குத் தட்டையான ஒரு தகடும் போதும். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவிட்டு, துடைத்து, மெல்லிய மெசின் ஒயில் தடவி வையுங்கள். ஊறிய மண்ணெண்ணெயைக் காணியில் ஊற்றாமல் போத்தலில் அடைத்து, உங்கள் ஊரில் ஆபத்தான கழிவு எடுக்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள்.